நெற்றியைச் சுருக்காமல் எழுதும் கடிதம்

அன்பு மகளுக்கு,

போனில் நீ அழுதது இன்னும் காதிலேயே நிற்கிறது. "இந்த வயசுல எதுக்கும்மா அழகுக்கு ஆபரேஷன், அதுவும் என்கிட்ட சொல்லாம?" என்று கேட்டாய். சொல்லாதது என் தப்புதான். ஆனால் அழகுக்காகச் செய்துகொள்ளவில்லை, கண்ணு. கண்ணின் மேல் இமையில் செய்தது. ஆறாம் நாளான நேற்று தையல் பிரித்தார்கள். இன்று உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடியோவில் பேசும்போதெல்லாம், "ஏம்மா நெற்றியைச் சுருக்கிக்கிட்டே பேசுற?" என்பாயே, அங்கேதான் விஷயம். மேல் இமைத் தோல் தளர்ந்து இமைமுடி மேல் மடிந்து கிடந்தது. அதைத் தூக்க என்னை அறியாமலே நாள் முழுக்கப் புருவத்தை உயர்த்திக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலத் தலைவலி அதனால்தான். நேரே பார்த்தபடியே சுற்றிலும் எதுவரை தெரிகிறது என்ற பார்வைப் பரப்பை, ஒளிப்புள்ளிகள் காட்டி இரண்டு தடவை சோதித்தார்கள்: முதலில் இமை இருந்தபடியே, அப்புறம் தோலை டேப் போட்டுத் தூக்கி ஒட்டி. டேப் ஒட்டியதும் மேலே ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. முதல் தடவை அங்கே ஒன்றுமே இல்லை என்றல்லவா நினைத்திருந்தேன்! அந்த நிமிஷம் முடிவெடுத்துவிட்டேன்.

தொங்குவது தோலா, தளர்ந்தது இமையைத் தூக்கும் தசையா, இறங்கியது புருவமா என்று டாக்டர் முதலில் பார்த்தார். தசை தளர்ந்திருந்தால் அதைத்தான் இறுக்க வேண்டும். தோலை வெட்டிப் பயனில்லை. புருவம் சரிந்திருக்கும்போது இமைத் தோலை எடுத்தால் புருவம் இன்னும் கீழே இழுபடும். சிலருக்குப் புருவத்தின் கீழ் விளிம்பை ஒட்டியே தோலை எடுப்பதும் உண்டு. எனக்குத் தோல்தான்.

உட்கார வைத்தே பேனாவால் கோடு போட்டார். படுத்தால் தோல் நகர்ந்து அளவு தப்பிவிடுமாம். இமைமுடிக்கு மேலே 8 மில்லிமீட்டரில், இமை மடிகிற வரியிலேயே கீழ்க்கோடு. தழும்பு அந்த மடிப்பில் மறைந்துவிடும். மேல்கோட்டுக்குச் சின்ன இடுக்கியால் தோலைக் கிள்ளிப் பிடித்து, இமைமுடி லேசாக நிமிரும் வரை கூட்டிக் குறைத்துப் பார்த்தார். "கண்ணை மூடுங்கம்மா" என்று சொல்லி, முழுசாக மூடுகிறதா என்று குனிந்து பார்த்தார். புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே 20 மில்லிமீட்டராவது தோல் மிஞ்ச வேண்டுமாம். அதிகமாக எடுத்துவிட்டால் தூக்கத்தில்கூடக் கண் மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகும். எடுப்பதை விட, விட்டுவைப்பதை அவர் அளந்த விதத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மரத்துப்போகும் ஊசி மட்டும் சுருக்கென்றது. மூக்குப் பக்கம் பிதுங்கியிருந்த கொழுப்பில் கொஞ்சம் எடுத்தார். வெளிப்பக்கம் இருப்பது கண்ணீர்ச் சுரப்பி, அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்றை அழுத்திச் சொன்னார்கள். கடும் வலி வந்தாலோ, பார்வை மங்கினாலோ உடனே ஓடி வர வேண்டும். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையே போய்விடலாம். அபூர்வம்தான். ஆனாலும் அன்று ராத்திரி அப்பா தூங்கவில்லை. மணிக்கொரு தரம் என்னை எழுப்பி, ஐஸ் ஒத்தடத்தை எடுத்துவிட்டு, விரல்களை நீட்டி "எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கும் இடது இமை கொஞ்ச நாளாக மெல்ல இறங்குகிறது. தசையாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அடுத்த வாரம் காட்டப் போகிறோம். ஆபரேஷன் என்று வந்தாலும், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை அவராக நிறுத்திவிடக் கூடாது, இதய டாக்டரையும் கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்.

இந்தத் தடவை முன்னாலேயே சொல்லிவிட்டேன், பார்.

அன்புடன்,
அம்மா