கண்ணாடி நாரு டிரான்சிஸ்டர் ஆயிடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் அறிவியல் பக்கத்துல, கண்ணாடி நார் மேல கார்பன் பூசினா அது குறைக்கடத்தி (டிரான்சிஸ்டர் செய்யிற சிலிக்கான் மாதிரிப் பொருள்) ஆயிடும்னு ஒரு துண்டுச் செய்தி போட்டிருந்தீங்க. நான் பேட்டையில மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கேன், காயில் மேல கண்ணாடி நார்ல நெஞ்ச டேப்புதான் சுத்துவோம், எங்க பட்டறைப் பய அத வாசிச்சிட்டு "அண்ணாச்சி, அப்ப இந்த டேப்புலயே டிரான்சிஸ்டர் செய்யலாமா"ங்கான். அவன் மேல தப்பில்ல.

கண்ணாடி மாறவே இல்லங்கய்யா. நாரு கரண்ட விடாது, மேல இருக்க கரிதான் கொஞ்சமா விடுது. அரிக்கேன் லைட்டுல திரி கூடிட்டா சிம்னியில கரி படியும்லா, அந்தக் கததான், காத்து படாத சூளையில மீத்தேன் மாதிரி கேஸ நல்லா காய வச்சா கார்பன் பிரிஞ்சு நாரு மேல படியும். இல்லன்னா கார்பன் பவுடர ரெசின்ல கலக்கி டேப்ப அதுல முக்கி எடுப்பாங்க, எங்களுக்கு வாரது இந்த ரகம். கார்பன் பூசாத வெள்ள டேப்புல மீட்டர வச்சா முள்ளு அசையாது, பூசின கருப்புல சில நூறு ஓம், சிலதுல சில ஆயிரம் ஓம் காட்டும்.

இந்த அரைகுறைதான் எங்களுக்கு வேணும். 6600 வோல்ட் மோட்டார்ல காயிலுக்கும் அது உக்காருற பள்ளத்தோட (ஸ்லாட்டு) இரும்புக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி கிடக்கும், அந்தக் காத்து தாங்காம மினுக்கு மினுக்குன்னு பொறிய ஆரம்பிச்சிரும், கொரோனாம்போம் (நோய் இல்ல). கருப்பு டேப்பு சுத்தினா காயிலோட மேல்தோலும் இரும்பும் ஒரே வோல்டேஜுக்கு வந்துரும், பொறிய வழியில்ல. அப்ப செம்புத் தகடே சுத்திரலாமேன்னா கூடாது, அந்த இரும்புல அடுக்கியிருக்க மெல்லிசான கோர் தகடு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஷார்ட் ஆகி சூடேறிப் போவும்.

ஒரு ஆலையிலேர்ந்து மோட்டார் ஒண்ணு வந்துது, முன்னால சுத்துனவரு வெறும் வெள்ள டேப்ப வச்சு முடிச்சிட்டாரு. ஓடும்போது இடி விழுந்த மாதிரி காரமா ஒரு வாட வருதுன்னு ஆபரேட்டர் சொன்னாரு, காயில உருவிப் பாத்தா ஓரமெல்லாம் வெள்ளப் பொடி, இன்சுலேஷன் வறுத்த அப்பளமா நொறுங்குது.

நெசமான குறைக்கடத்தியும் அதே காயில்ல உண்டு, கருப்பு டேப்பு முடியிற எடத்துல சிலிக்கான் கார்பைடு டேப்பு சுத்துவோம், வோல்டேஜ் ஏற ஏற அதோட ரெசிஸ்டன்ஸ் தன்னால கொறையும். அதையும் இதையும் ஒரே பேர்ல எழுதினா பயலுவ கொழம்பத்தான் செய்வானுவ.

கவர்ல ஒரு சாண் கருப்பு டேப்பு வச்சிருக்கேன், உங்க ஆபீஸ் எலக்ட்ரீசியன்ட்ட மீட்டர் இருந்தா வச்சுப் பாருங்க.

இப்படிக்கு,
ரீவைண்டிங் பட்டறைக்காரன், பேட்டை, திருநெல்வேலி