மாப்ளே, அந்தப் போல்ட்டைப் பார்

கும்பகோணம்

மாப்ளே,

இங்கே எல்லோரும் நலம். நீயும் தங்கச்சியும் நலம்தானே? மருமகன் லைசென்ஸ் எடுத்த விஷயத்தை நம் நண்பன் மொட்டை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். காருக்குப் புது வீல் மாட்டி நீ அனுப்பிய போட்டோக்களுக்கு நான் பதில் போடவில்லை என்று நீ ஊரெல்லாம் புலம்பியதும் காதுக்கு வந்தது.

உன் ஆக்டேவியா காருக்கு 18 இன்ச் வீல் நன்றாகத்தான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைப் படித்து முடித்ததும் 17-ஆம் நம்பர் சாக்கெட்டை எடுத்துக்கொண்டு கீழே இறங்கு. ஒரு வீலில் ஒரு போல்ட்டைக் கழற்றி, தலைக்குக் கீழே வீலின் ஓட்டையில் பதிகிற அதன் கழுத்தைப் பார். எதற்கு என்று சொல்கிறேன்.

ஐப்பசி மழையில் நீடாமங்கலம் தாண்டி ஒரு வாய்க்கால் பாலத்தில் என் போலோ காரின் ரிம் வளைந்துபோனது. நம் பக்கத்துப் பாலங்கள் உனக்குத் தெரியாததா? பாலம் அப்படியே நிற்கும். இரண்டு பக்கமும் களிமண்மேல் போட்ட ரோடு வருஷா வருஷம் இறங்கும். நடுவில் ஒரு படி விழும். தண்ணீர் நின்றால் அந்தப் படி தெரியாது. ரிம்மின் உள்விளிம்பு மடங்கி, டயரின் பக்கவாட்டில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். “சூடு காட்டித் தட்டி நேராக்கிடலாம் சார்” என்றார்கள். அலாய் என்கிற அலுமினியக் கலவைக்கு உறுதியே அது செய்யும்போது கொடுத்த வெப்பப் பதம்தான்; அடுப்பில் காட்டினால் அது போய்விடும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது வீல் பைத்தியம். வீட்டில் “நெல் விலையை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை” என்று பேச்சு வாங்கினேன்.

திருச்சியில் ஒரு கடையில் ஆறு கால் ஜப்பான் டிசைன் ஒன்றைக் காட்டினார்கள். ரேஸ் (Rays) என்கிற ஜப்பான் கம்பெனியின் டிஇ37 (TE37) வீலைப் பார்த்துச் செய்த ரெப்ளிகா. அசல் 1996-இல் வந்தது, ஃபோர்ஜ் செய்தது, அதாவது உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கியது. 15 இன்ச் வீல் ஒன்று 3.7 கிலோதான், பேரிலிருக்கும் 37-ஏ அதுதான். இவர்கள் காட்டியதைத் தூக்கினால் கையில் அம்மிக் கல் கனம். உள்பக்கம் தடவித் தடவிப் பார்த்தேன், ஜேடபிள்யூஎல் (JWL) என்கிற ஜப்பான் அலாய் வீல் தர முத்திரை இல்லை, எவ்வளவு பாரம் தாங்கும் என்றும் போடவில்லை. “ஸ்டேன்ஸ் சூப்பரா வரும் சார்” என்று ஒரு தம்பி பின்னாலேயே வந்தான். வீல் வெளியே தள்ளி, வண்டி தாழ்ந்து நிற்கிற தோற்றத்துக்குத்தான் ஸ்டேன்ஸ் என்று பேர். அந்த வீல் 17 இன்ச் விட்டம், 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 30. ஆஃப்செட் என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் அது வண்டியில் பதிகிற முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில்.

அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் மனசில் வைத்திருந்தது 7 இன்ச் அகலம், ஆஃப்செட் 40. அகலம் ஒரு இன்ச் கூடினால் பக்கத்துக்கு 12.7 மில்லிமீட்டர். ஆஃப்செட் பத்து குறைந்தால் வீல் மொத்தமும் பத்து மில்லிமீட்டர் வெளியே நகரும். ஆக வெளிப்பக்கம் 22.7 மில்லிமீட்டர் துருத்தும், உள்ளே 2.7 மட்டும் சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டை நெருங்கும். ஆள் நாலு பேர் ஏறி, பாலத்துப் படியில் இறங்கினால் டயர் மேலே இருக்கிற ஃபெண்டர் தகட்டில் உரசும். ஸ்டேன்ஸாம்! வண்டி நிற்கும்போது அழகு. நான் நிற்கவா வாங்கினேன்?

கடைசியில் வாங்கியது 16-க்கு 7, ஆஃப்செட் 40, ஃப்ளோ ஃபார்ம் செய்தது. முதலில் வார்த்துவிட்டு, ரிம் பகுதியைச் சூட்டோடு உருளை வைத்து அழுத்தி இழுப்பார்கள். மெலியும், உறுதி கூடும். டயர் பழைய அளவேதான், 195/55, அதாவது அகலம் 195 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம். அதில் ரப்பர் சுவர் 107 மில்லிமீட்டர். 17-க்குப் போய் 215/45 போட்டிருந்தால் 97 ஆகியிருக்கும். உன் 225/40 வெறும் 90, தெரியுமா? கோயமுத்தூர் ரோட்டுக்குச் சரி. இந்தப் பக்கத்துப் பாலங்களில் பத்து மில்லிமீட்டர் ரப்பர் என்பது ஒரு ரிம்மின் விலை.

நம்பிக்கை இல்லாமல், வாங்கி வந்த வீலை அரிசி மண்டித் தராசில் தூக்கி வைத்தேன். ஏழரை கிலோ. மண்டிக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, “காசு கொடுத்தா ஏழரைய வாங்கினீங்க? திருநள்ளாறு பக்கத்துலதான் தம்பி இருக்கு” என்றார். பழைய ரிம்மையும் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை கிலோ அதிகம். ஸ்பிரிங்குக்குக் கீழே, சுற்றுகிற இடத்தில் அவ்வளவு குறைந்தால் வண்டி குழிக்குப் பதில் சொல்கிற விதமே மாறுகிறது. இதை உன்னிடம் தவிர யாரிடம் சொன்னாலும் கொட்டாவி விடுகிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாட்டுகிற அன்றைக்குப் பார்த்தால் வீலின் நடு ஓட்டை 73.1 மில்லிமீட்டர், அது உட்காருகிற என் வண்டியின் ஹப் 57.1. இடையில் போட ரிங் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது இல்லாவிட்டால் வீல் சரியாக நடுவில் உட்காராமல் போகலாம், வேகம் கூடினால் ஸ்டீயரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாது. அதைக் கடைப் பையன் ஒழுங்காகவே போட்டான். ஆனால் அடுத்து பழைய கம்பெனி போல்ட்டையே எடுத்து வைத்து, போல்ட் முடுக்குகிற கன்னை உயர்த்தினான். நிறுத்தச் சொன்னேன்.

நம் இரண்டு வண்டிக்கும் கம்பெனி போல்ட்டின் கழுத்து உருண்டையாக இருக்கும். வெளியில் வாங்குகிற வீல்களில் பெரும்பாலும் ஓட்டை கூம்பு, 60 டிகிரி. அவன் நம்பவில்லை. “எல்லா வண்டிக்கும் இதேதான் சார் போடுறோம்.” டாஷ்போர்டுப் பிள்ளையாரிடமிருந்து குங்குமம் எடுத்து, சொட்டு எண்ணெயில் குழைத்துப் போல்ட் கழுத்தில் தடவிக் கையால் முடுக்கிக் கழற்றிக் காட்டினேன். குங்குமம் தலைமயிர் கனத்துக்கு ஒரு கோட்டில்தான் அழிந்திருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் வண்டியின் பிடிமானம் மொத்தமும். கூம்புக் கழுத்துப் போல்ட்டில் அதையே செய்தால் ஒரு பட்டையாக, சுற்றிலும் அழிந்திருந்தது. அவன் பேசாமல் போய் முதலாளியைக் கூட்டிவந்தான்.

நீளமும் முக்கியம் மாப்ளே. நம் போல்ட் எம்14, அதாவது 14 மில்லிமீட்டர் தடிமன், ஒரு சுற்றுக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். புது வீலின் அடி தடித்திருந்தால் பிடிக்கிற சுற்று குறையும். பழைய வீலில் கையால் எத்தனை சுற்று போனதோ, அதற்குக் குறையக் கூடாது. ரொம்ப நீளமாக இருந்தாலும் பின்னால் பிரேக் டிரம்முக்குள் இடிக்கும். உனக்குப் பின்னாலும் டிஸ்க், அந்தக் கவலை இல்லை, எனக்கு உண்டு. கன்னால் அடித்துவிட்டு அனுப்பினால் ஏற்காதே. என் வண்டிக்கு முடுக்குகிற விசை 120 நியூட்டன் மீட்டர், போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக முடுக்க வேண்டும். உன் கையேட்டில் எவ்வளவு என்று பார். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும்.

உன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். போல்ட் தலைகள் அத்தனையும் பழையவைபோல்தான் தெரிகின்றன, அந்தக் கறுப்புத் தொப்பி உட்பட. உன் வீலின் ஓட்டை உருண்டையாகவே இருக்கலாம், அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. இருந்தால் என்னை முட்டாள் என்று மொட்டையிடம் சொல்லிக்கொள். இல்லாவிட்டால் வண்டியை எடுக்காதே. நீ ஓட்டினால்கூட, ஒரு தட்டல் சத்தம் வந்தால் நிறுத்துவாய். லைசென்ஸ் வாங்கிய பையன் பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கரூர் ரோட்டில் போவான். அதை நினைத்துத்தான் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன்.

தையில் தம்பி கல்யாணத்துக்கு வரும்போது தஞ்சாவூர் வரை பெரிய ரோடு, கவலையில்லை. வலங்கைமான் தாண்டி ஊருக்குள் திரும்பினால் மட்டும் மெதுவாக வா. டிராக்டர்கள் சேற்றுக்கான கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரத்தோடு தாரைக் கொத்திப்போட்டிருக்கும். அறுவடை நேரம், பாதி ரோட்டில் நெல் காயும், வைக்கோலுக்கு அடியில் வேகத்தடை இருந்தாலும் தெரியாது. உன் 90 மில்லிமீட்டரை எண்ணிக்கொண்டே வா.

போல்ட்டைப் பார்த்த உடனே போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி. வரும்போது முடுக்குகிற விசையை அளந்து காட்டுகிற உன் டார்க் ரென்ச்சையும் எடுத்து வா. என்னுடையதை மொட்டை வாங்கிக்கொண்டு போனான். பழைய அம்பாசிடர் ஜாக்கி கதைதான், திரும்பி வராது.

உன்,
கும்பகோணத்தான்