அளந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் நுரை பொங்கியதாகவோ காற்று கறுத்துப் போனதாகவோ செய்தி வரும்போதெல்லாம், சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும், அபராதத்தைக் கூட்ட வேண்டும் என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். அந்தக் கோபத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1972இலிருந்து உலகில் சுற்றுச்சூழல் சட்டங்கள் 38 மடங்கு பெருகிவிட்டன என்றும், அவை செயலுக்கு வராததே பெருங்குறை என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2019ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. மீறல் நடந்ததைக் கண்டறிய வேண்டிய இடத்திலேயே ஓட்டை இருக்கிறது என்பதுதான் என் கருத்து.

குஜராத்தில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்கே மாசு அதிகம் வெளியிடக்கூடிய தொழிற்சாலைகள் ஆண்டுதோறும் சுற்றுச்சூழல் தணிக்கை செய்துகொள்ள வேண்டியிருந்தது. தணிக்கையாளரைத் தேர்ந்தெடுத்துக் கட்டணம் கொடுத்ததும் அந்தந்தத் தொழிற்சாலையே. புகையிலுள்ள துகள்களுக்கு வரம்பு கன மீட்டருக்கு 150 மில்லிகிராம். தணிக்கை அறிக்கைகளைத் திரட்டிப் பார்த்தால், அளவுகள் 150க்குச் சற்றுக் கீழே வந்து குவிந்து கிடந்தன. வரம்பை மீறியவை 7 சதவீத ஆலைகள்தாம் என்றன அந்த அறிக்கைகள். தனிக் குழு ஒன்று மறுபடி அளந்தபோது அது 59 சதவீதமாக இருந்தது. பிறகு ஒரு பகுதி ஆலைகளுக்கு மட்டும் குலுக்கல் முறையில் தணிக்கையாளரை ஒதுக்கி, பொது நிதியிலிருந்து கட்டணம் கொடுத்து, சில அளவுகளை மறுபடி சரிபார்த்தார்கள். வரம்புக்குள் இருப்பதாகப் பொய்யாக எழுதுவது 80 சதவீதம் குறைந்தது. ஆலைகளும் மாசைக் குறைத்தன. சட்டமும் வரம்பும் மாறவில்லை. இரு முறைகளிலும் வேலை பார்த்த அதே தணிக்கையாளர்கள்கூட, பழைய முறையில் பொய்யும் புதிய முறையில் உண்மையும் எழுதினார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதிகாரிகள் ஆலைகளுக்கு நேரில் போய்ச் செய்யும் ஆய்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதுமா என்றால், அதே மாநிலத்தில் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். மாசு பெரிதாகக் குறையவில்லை. கூடுதல் ஆய்வுக்கு ஆலைகளைக் குலுக்கலில் எடுத்ததால், மிக மோசமானவை அதில் அதிகம் சிக்கவில்லை. அப்படிப்பட்டவற்றைக் கள அதிகாரிகள் தங்கள் அனுபவத்தைக் கொண்டே முன்பிருந்து தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். அனுபவமுள்ள ஆய்வாளர் கழிவுநீர் மாதிரியைப் புட்டியில் பிடிக்கும் முன் சுத்திகரிப்பு நிலையத்தின் மின் மீட்டர் பதிவேட்டைக் கேட்பார். உற்பத்தி இரட்டிப்பான மாதத்திலும் அந்த மீட்டர் நகராமல் நின்றிருந்தால், இயந்திரங்கள் ஓடவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

எப்போது, எங்கே அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனத்தின் மோசடி 2015இல் அம்பலமானது. சோதனைக்கூடத்தில் இருப்பதை உணர்ந்து அப்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை டீசல் கார்களில் பொருத்தியிருந்தார்கள். வண்டியைச் சாலையில் ஓட்டி, கூடவே கருவியை வைத்து அளந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

ஆகவே, தணிக்கையாளரின் கட்டணம் பொது நிதியிலிருந்து போக வேண்டும் என்றும், ஒவ்வொரு ஆலையின் அளவுகளும் மக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும் என்றும் நாம் வலியுறுத்த வேண்டும். தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. ‘மாசு வரம்புக்குள்தான் இருந்தது’ என்று யாராவது சொன்னால், அளந்தவர் யார், அவருக்குக் கட்டணம் கொடுத்தவர் யார், எந்த நேரத்தில் அளந்தார்கள் என்பவற்றையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, செய்தியிலேயே சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்