சேற்றைப் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் கரண்டிமூக்கு உள்ளான் என்ற கரையோரப் பறவையைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ரஷ்யாவின் சுகோத்காவில் முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைப்பதையும், இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் கூண்டில் வளர்ப்பதையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பறவை வயிறு நிரப்பும் சேற்றுப்பரப்புக்கு நாலு வரிகூட ஒதுக்காததுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

முட்டை எடுக்கும் வேலையை நான் மட்டம் தட்டவில்லை. இயற்கையில் ஒரு ஜோடிக்குச் சராசரியாக ஒரு குஞ்சுகூடத் தேறிப் பறப்பதில்லை. முதலில் இட்டவற்றைச் சீக்கிரமே எடுத்துவிட்டால் பெரும்பாலும் தாய் மறுபடி இடும். எடுத்தவற்றை நரிக்கும் குளிருக்கும் தப்பவைத்து வளர்த்து, காலில் எழுத்தும் எண்ணும் பொறித்த சின்னக் கொடியை மாட்டிப் பறக்கவிடுகிறார்கள். நல்ல யோசனைதான். சரி, அப்புறம் அது எங்கே போகும்?

ஏறக்குறைய 30 கிராம் எடையுள்ள, சிட்டுக்குருவி அளவுப் பறவை அது. சுகோத்காவிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க மியான்மர், வங்கதேசக் கரைகளுக்கு வந்துசேர சுமார் 8,000 கிலோமீட்டர் பறக்க வேண்டும். வழியில் சீனாவுக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலோரம் இறங்கித் தின்று கொழுப்பு ஏற்றிக்கொண்டால்தான் மீதித் தூரம் தாங்கும். கடல் உள்வாங்கியதும் தலையைக் குனிந்தபடியே நடந்து, நுனி அகன்ற அந்த மூக்கைச் சேற்றுநீரில் இப்படியும் அப்படியும் ஆட்டிப் புழுவையும் குட்டி இறாலையும் துழாவி எடுக்கும். தண்ணீர் ஏறிவிட்டால் பந்தி முடிந்தது. அந்தச் சில மணி நேரமும் சேறு இருந்தால்தான்!

அந்தச் சேற்றைத்தான் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்து மனிதர்கள் மூடினார்கள். தென்கொரியாவின் சேமங்கும் கழிமுகத்தில் 33 கிலோமீட்டர் நீளக் கடல்சுவர் 2006இல் கடலை அடைத்தது. இந்த உள்ளான் வழக்கமாக இறங்கிய இடங்களில் அதுவும் ஒன்று. இரண்டே ஆண்டுகளில், 2008இல், மிக அருகிவிட்ட இனங்களின் பட்டியலில் இது சேர்ந்தது. சுவர் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மஞ்சள் கடலின் இரு கரையிலும் நடந்தது இதே கதைதான். இன்று வளர்ந்த பறவைகள் சில நூறுதான் மிஞ்சியிருக்கின்றன.

நல்ல செய்தியும் உண்டு, அதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். 2018இல் சீனா வணிகத்துக்காகக் கடலோரத்தை மண்போட்டு மேடாக்குவதை நிறுத்துவதாக அறிவித்தது. அடுத்த ஆண்டே, இந்தப் பறவைகள் இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும் சீனாவின் தியாவோசினி சேற்றுப்பரப்பு உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது. 2021இல் கொரியச் சேற்றுப்பரப்புகள் சிலவும் சேர்ந்தன. இப்போதைய தலைவலி ஸ்பார்டினா என்ற வந்தேறிப் புல். சீனக் கரையில் அது மண்டிய இடத்தில் இந்தச் சின்னப் பறவையால் காலூன்றி மேய முடியாது.

இன்னொன்று, வலை. மியான்மரின் மொத்தமா வளைகுடாவிலும் வங்கதேசத்தின் சோனாதியா தீவிலும் வலை விரித்தவர்கள் தேடியது பெரிய பறவைகளை, இது கூடவே சிக்கியது. அதிலும் இளம் பறவைகள் முதல் கோடையில் வடக்கே திரும்பாமல் அங்கேயே தங்கிவிடுவதால் ஆண்டு முழுக்க வலையின் வாயில்தான். வேட்டைக்காரர்களைத் திட்டித் தீர்ப்பது சுலபம். அங்கே அப்படிச் செய்யாமல், வேறு பிழைப்புக்கு வழி செய்து கொடுத்து வேட்டையை விடவைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே எழுதத் தகுந்த பகுதி அதுதான்.

அடுத்த முறை வேட்டையை விட்ட அந்த மனிதர்களிடம் பேசி ஒரு கட்டுரை போடுங்கள். முட்டைப் படங்கள் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தொடர்ந்து படிக்கும் ஒரு வாசகர்