பெண்ணை அனுப்புகிறீர்கள் சரி, கூடவே என்ன அனுப்புகிறீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் கேள்வி பதில் பகுதியில் ஒரு அம்மா எழுதியிருந்தார். மகளுக்குப் பதினாறு வயது, கையில் பச்சைக் குழந்தை, வெளியே தலைகாட்ட முடியவில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். உங்கள் ஆலோசகர் திட்டாமல், அறிவுரை மழை பொழியாமல், பொறுமையாகத்தான் பதில் சொல்லியிருந்தார், அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசியில் "கிராமத்தில் இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொஞ்ச காலம் அனுப்பி வையுங்கள், பேச்சு அடங்கியதும் அழைத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அப்படி அனுப்பப்படும் பெண் வந்து இறங்குவதற்கு ஒரு வீடு இருக்கிறதே, அந்த வீட்டுக்காரி நான்.

வந்தவள் என் தங்கை மகள். "கொஞ்ச நாள் உன்னிடம் இருக்கட்டும் அக்கா" என்று போனில் சொன்னாள் தங்கை, வேறு விவரம் எதுவும் இல்லை. தோளில் ஒரு பை, இடுப்பில் குழந்தை. பையைத் திறந்தால் துணிமணி, ஒரு பால் புட்டி, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டு இல்லை, தடுப்பூசி அட்டை இல்லை, பள்ளிக்கூடத்துக் காகிதம் ஒன்றுகூட இல்லை. அவளுடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் பஸ் ஏற்றியிருக்கிறார்கள். தையல் போட்டார்களா, இரத்தம் குறைவாக இருந்ததா, அடுத்து எப்போது காட்டச் சொன்னார்கள் என்று எதைக் கேட்டாலும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியாதுதானே, பதினாறு வயதில் யார் அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வார்கள்.

அனுப்புவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. சில வீடுகளில் அந்தப் பெண்ணால் மூச்சுகூட விட முடியாது. அப்பா முகம் கொடுத்துப் பேசமாட்டார், அம்மா நாள் முழுக்க அழுவார், வருகிறவர் போகிறவரெல்லாம் ஜாடையாகக் கேட்பார்கள். அந்த இடத்தை விட்டு வந்தாலே பாதி பாரம் இறங்கும். ராத்திரியில் குழந்தையை வாங்கிக்கொள்ள ஒரு கை இருக்கிற வீடு எங்கே இருந்தாலும் அங்கே போகலாம். ஆனால் பெண்ணைக் கொண்டுபோய் விட்டதோடு பிரச்சினையும் வீட்டை விட்டுப் போய்விட்டது என்று நினைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முதலில் உடம்பைச் சொல்கிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் தாய்மார்களைவிடப் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருவதும், பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதும், கிருமி உடம்பு முழுக்கப் பரவுவதும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையும் எடை குறைவாகவோ மாதம் நிறையாமலோ பிறக்க வாய்ப்பு அதிகம். பிரசவமான முதல் நாள், அப்புறம் இரண்டு மூன்று நாளில், அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள், கடைசியாக ஆறாவது வாரம் என்று குறைந்தது நான்கு முறை தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் சொல்வதுதான். இப்போது யோசித்துப் பாருங்கள், நம் ஆட்கள் எப்போது அனுப்புகிறார்கள்? சரியாக இந்த ஆறு வாரத்துக்குள்தான், யார் கண்ணிலும் படுவதற்கு முன்னால், பச்சை உடம்போடு. எந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பற்றித் தெரியுமோ அங்கிருந்து தூரமாக, எந்த ஆஸ்பத்திரிக்கும் அவசரத்துக்கு வண்டி கிடைக்காத ஒரு இடத்துக்கு.

வலிப்பு ஆபத்து பிரசவத்தோடு தீர்ந்துவிடும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். தீராது, குழந்தை பிறந்து ஆறு வாரம் வரைக்கும் கவனமாக இருக்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகமும் கையும் வீங்குவது, இதில் எது வந்தாலும் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. காய்ச்சல், நாற்றமுள்ள கசிவு, ஒரு மணி நேரத்தில் ஒரு துணி முழுக்க நனைகிற இரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவையும் அப்படித்தான். எங்கள் பிள்ளை ஒரு நாள் சாயங்காலம் தலைவலி என்றாள். தங்கைக்குப் போன் போட்டால், "ஆமாம் அக்கா, பிரஷர் கொஞ்சம் கூட இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள், அது இங்கே அலமாரியில் இருக்கிறது" என்கிறாள்! பெண் இங்கே, மாத்திரை அங்கே. அண்டை வீட்டுக்காரர் வண்டி எடுத்துக்கொண்டு வந்தார், டாக்டரிடம் போனோம், பெண் பிழைத்தாள். தங்கையிடம் நான் அன்றைக்குப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

மனசுக்கு வருகிறேன். பிரசவமான முதல் சில நாள் காரணமில்லாமல் அழுவது நிறைய பேருக்கு வரும், தானாகவே போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் போகாமல், தூக்கம் வராமல், குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல், நான் இருந்து என்ன என்று பேச ஆரம்பித்தால் அது நோய், அதற்கு வைத்தியம் உண்டு. பத்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது, எடின்பரோ அளவுகோல் என்று பெயர், 1987-லிருந்து பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதில் கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதைக் கேட்கப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்றில்லை, பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். சின்ன வயதுத் தாய்மார்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு கூடுதல், தனியாக இருந்தால் இன்னும் கூடுதல். அப்படிப்பட்ட பெண்ணிடமிருந்துதான் போனைப் பிடுங்குகிறோம். அந்தப் பையனோடு பேசிவிடுவாளோ என்கிற பயம் எனக்கும் புரியாமல் இல்லை. ஆனால் கூடப் படித்த தோழிகளோடும் பேச முடியாமல், அம்மாவும் வாரத்துக்கு ஒரு தரம் "குழந்தை பால் குடிக்கிறதா" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டால் அவள் யாரிடம் சொல்வாள்? பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட மாட்டாள், அதுவும் நிதர்சனம்.

படிப்பைப் பற்றி உங்கள் ஆலோசகர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இதுதான் எனக்குப் பெரிய வருத்தம். ஜமைக்காவில் 1978-லேயே இந்த மாதிரிப் பெண்களுக்கென்று ஒரு மகளிர் மையத்தைத் தொடங்கிவிட்டார்கள். வயிற்றில் பிள்ளையோடு அங்கே வந்து பாடம் படிக்கலாம், பிள்ளை பிறந்ததும் அதைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு உண்டு, அப்புறம் திரும்பவும் வழக்கமான பள்ளிக்கே போகலாம். சியரா லியோன் நாட்டில் கர்ப்பமான பெண்கள் பள்ளிக்கு வரக்கூடாது என்று தடை போட்டிருந்தார்கள், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது தவறு என்று தீர்ப்புச் சொல்ல, 2020 மார்ச்சில் தடையை எடுத்தார்கள். தான்சானியாவும் 2021-ல் இதே முடிவுக்கு வந்தது. அங்கேயெல்லாம் சட்டம் போட்டு ஒரு பெண்ணை வெளியே நிறுத்தினார்கள், பிறகு அதே சட்டத்தை மாற்றினார்கள். நாம் சட்டமே இல்லாமல் ஒரு பஸ் டிக்கெட்டில் அந்த வேலையைச் செய்துவிடுகிறோம். மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் வந்த பெண்ணை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? அதற்காக நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். பரீட்சை நுழைவுச்சீட்டுக்குப் பெயர் கொடுக்கும் தேதி முடிந்துவிட்டால் ஒரு வருடம் போச்சு, ஒரு வருடம் போனால் அப்புறம் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள்.

மறைத்து வைக்கிற பழக்கம் எங்கே போய் முடியும் என்பதற்கு அயர்லாந்தைப் பார்க்கலாம். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்ற பெண்களைத் தனி இல்லங்களில் கொண்டுபோய் விடுவது அங்கே பல பத்தாண்டுகள் நடந்தது. 1922 முதல் 1998 வரை இயங்கிய பதினெட்டு நிலையங்களை ஒரு ஆணையம் ஆராய்ந்து 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டது. அவற்றில் இருந்த தாய்மார்கள் சுமார் 56,000, செத்துப்போன குழந்தைகள் சுமார் 9,000. அந்த நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்திலேயே மன்னிப்புக் கேட்டார். பெண்கள் பட்ட கொடுமைக்கு முதல் பொறுப்பு பிள்ளையின் தகப்பனும் பெண்ணின் சொந்தக் குடும்பமும்தான் என்று ஆணையம் எழுதியது. அரசும் திருச்சபையும் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கின்றன என்று அங்கே பலர் கொதித்தார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் குடும்பம் என்று எழுதியிருக்கிறதே, அந்த வரியைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஆஸ்திரேலியாவில் இப்படிப்பட்ட தாய்மார்களிடம் வற்புறுத்திக் குழந்தையை வாங்கித் தத்துக் கொடுத்ததற்காக 2013-ல் பிரதமர் ஜூலியா கில்லார்ட் மன்னிப்புக் கேட்டார். உறவினர் வீட்டிலும் இந்த வற்புறுத்தல் நடக்கும், மெதுவாக, அன்பாக, "உன் நல்லதுக்குத்தான்" என்று. தத்துக் கொடுப்பதோ வளர்ப்பதோ அவள் தெளிவாக இருக்கும்போது, விவரம் தெரிந்த ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகு, சட்டப்படி நடக்க வேண்டிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. குழந்தையைப் பாட்டியின் பிள்ளை என்று சொல்லிப் பதிவு செய்வது. தாயை அக்கா என்று கூப்பிடச் சொல்லி வளர்ப்பது. என் தங்கை வீட்டுக்காரர் அதைத்தான் கேட்டார், நான் முடியாது என்றுவிட்டேன். பிறப்புப் பதிவில் பொய் எழுதினால் அது பின்னால் எங்கெங்கே கழுத்தைப் பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்தப் பையன் என்ன ஆனான் என்று யாராவது கேட்டால், அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறான். அவனை யாரும் எந்த உறவினர் வீட்டுக்கும் அனுப்பவில்லை. சரி, எங்கள் விஷயத்தில் அவனும் சின்னப் பையன். பல வீடுகளில் அது வயது வந்த ஆளாக இருக்கும், அது குற்றம், அதை மூடி மறைக்கத்தான் பெண்ணையே ஊர் கடத்துவார்கள். அந்த ஆள் உறவுக்குள்ளேயே இருந்தால்? எந்த வீட்டுக்கு அனுப்புகிறோமோ அந்த வீட்டுக்கு அவன் வந்து போகிறவனாக இருந்தால்? அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து, அங்கே போகச் சம்மதமா, அங்கே உனக்குப் பயமான யாராவது இருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். அவள் தலையை ஆட்டினால் மட்டும் போதாது, வாயைத் திறந்து சொல்கிற வரைக்கும் பொறுமை வேண்டும்.

ஆகவே அந்த அம்மாவுக்கு என் பதில் இது. அனுப்புவதாக இருந்தால் ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை, தடுப்பூசி அட்டை, மாற்றுச் சான்றிதழ், போன் எல்லாவற்றையும் கூட அனுப்புங்கள். முதல் சில வாரம் நீங்களும் வந்து தங்குங்கள், வேலை இருந்தால் விடுப்புப் போடுங்கள். செலவுக்கு யார் கொடுப்பது என்பதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள், உறவுக்காரர்களிடம் பணம் பேசக் கூச்சமாக இருக்கும், பேசாவிட்டால் அந்தப் பேச்சு பெண்ணின் தலையில்தான் விடியும். எப்போது திரும்பி வருவாள் என்று ஒரு தேதி சொல்லுங்கள். "பேச்சு அடங்கியதும்" என்பதெல்லாம் தேதி ஆகாது.

ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் அதே பகுதியில் ஒரு மகப்பேறு மருத்துவரையும், பள்ளித் தேர்வு விதிகள் தெரிந்த ஒருவரையும் பதில் எழுதச் சொல்லுங்கள், மேலே நான் சொன்ன ஆபத்து அறிகுறிகளைக் கட்டம் கட்டிப் போடுங்கள். என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். பிள்ளை இப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டி, அவள் அடிக்கச் சொன்ன இரண்டு இடங்களை அடித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெரியம்மா