வேகத்தை நாங்கள் குறைக்கவில்லை: நம் இணைய மைய வாடிக்கையாளர்களுக்கு

கிள்ளான், மலேசியா, ஜனவரி 2007

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பொங்கல் வாழ்த்து மடலாக வர வேண்டியது விளக்க மடலாகிவிட்டது. டிசம்பர் 26 இரவு நிலநடுக்கத்தில் தைவான் பக்கம் கடலடி இணையக் கேபிள்கள் அறுந்ததிலிருந்து, இங்கே ஹாட்மெயில் திறப்பதற்குள் ஒரு கோப்பை தே தாரேக் தேநீர் ஆறிவிடுகிறது. அது உங்களுக்கே தெரியும். "ரெண்டு இணைய லைனில் ஒன்றை வெட்டிவிட்டார்கள், மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்" என்று கடைத்தெருவில் பேச்சு ஓடுகிறது. முதலில் அதற்குப் பதில்.

நம் மையத்தில் 18 கணினி, 2 லைன். டிசம்பரில் இருந்தது அதுவே, இன்றும் அதுவே. இரண்டு மோடங்களின் நிலைப் பக்கத்தையும் கவுண்டர் கணினியில் திறந்தே வைத்திருக்கிறோம். இரண்டிலும் 1024 கிலோபிட் என்று இருக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். லைன் வெட்டப்பட்டிருந்தால் உள்நாட்டுச் செய்தித் தளமும் உள்நாட்டு வங்கித் தளமும் சேர்ந்து படுத்திருக்க வேண்டும். அவை எப்போதும்போல் திறக்கின்றன. சிலர் இணைய வேகச் சோதனை செய்து தாளில் அச்செடுத்துக் காட்டினார்களாம். அந்தச் சோதனைத் தளம் இருப்பது அமெரிக்காவில். அமெரிக்காவுக்குப் போகிற வழிதான் அறுந்து கிடக்கிறது. கிள்ளானில் எந்தக் கடையில் அந்தச் சோதனையைச் செய்தாலும் இதே கதைதான்.

அன்று இரவு 8:26க்குத் தைவானின் தெற்கே ஹெங்சுன் கரையோரம் 7 ரிக்டர் அளவில் நிலநடுக்கம். எட்டு நிமிடத்தில் கிட்டத்தட்ட அதே பலத்தில் இன்னொன்று. சுனாமிக்குச் சரியாக இரண்டு ஆண்டு ஆன நாள். இந்த முறை பெரிய அலை எழவில்லை; கடலடியில் சேறு சரிந்தது. தைவானுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் நடுவே லூசோன் நீரிணையில் அந்தச் சேற்று வெள்ளம் பள்ளம் பார்த்து ஓடி, ஏபிசிஎன்-2, சீ-மீ-வீ 3 உட்பட ஒன்பது கடலடி இணையக் கேபிள்களை மணிக்கணக்கில் ஒவ்வொன்றாக அறுத்தது. ஆழ்கடலில் அந்தக் கேபிள் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய்ப் பருமன்தான். சில இடங்களில் ஆழம் 4,000 மீட்டர். கப்பல் கொக்கியை இறக்கித் துழாவி ஒரு முனையைத் தூக்கி, சோதித்து, மிதவையில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தேடிப் பிடித்து, நடுவில் புதுக் கேபிள் சேர்த்து, கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். காற்றடித்தால் வேலை நிற்கும். பல கேபிள்கள் மேலே சேறு மூடிப் புதைந்தும் கிடக்கின்றன. ஆகவே "நாளைக்குச் சரியாகிவிடும்" என்று நாங்கள் சொல்ல மாட்டோம்.

இப்போது அமெரிக்கா போக வேண்டியது ஐரோப்பா சுற்றியும் செயற்கைக்கோள் வழியும் போகிறது. செயற்கைக்கோள் கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. போய்த் திரும்பவே அரை விநாடி. நம் கணினிகளில் உள்ள விண்டோஸ் எக்ஸ்பி ஒரு தடவைக்கு 17,520 பைட்டு வாங்கிக்கொண்டு, வந்து சேர்ந்ததாகப் பதில் அனுப்பிய பிறகுதான் அடுத்ததை எதிர்பார்க்கும். போய்வர 0.2 விநாடி ஆனபோது ஓர் இறக்கம் (டவுன்லோடு) விநாடிக்கு 87 கிலோபைட் வரை எட்டும். 0.6 விநாடி ஆனால் 29தான். நடுவழியில் நெரிசலில் தொலைவதையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் குறையும். லைன் அதே லைன்தான்!

"சென்னைக்குத்தானே மெயில் போடுகிறேன், அதுவும் ஏன் தாமதம்?" என்று பல அக்காமார் கேட்டார்கள். மேற்கே சென்னைக்குப் போகும் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் உங்கள் அஞ்சல் பெட்டி அமெரிக்காவில். கடிதம் அங்கே போய்த்தான் சென்னைக்கு வரும்.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. பக்கம் வராவிட்டால் ரிஃப்ரெஷை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள்; பாதி வந்திருந்ததும் தொலைந்து முதலிலிருந்து தொடங்கும். கட்டணம் செலுத்தும் பக்கத்தில் அழுத்தவே வேண்டாம், இரண்டு முறை பணம் பிடிக்க இடமுண்டு. ஜிமெயிலில் பக்கத்தின் அடியில் உள்ள 'பேசிக் எச்டிஎம்எல்' இணைப்பைச் சொடுக்குங்கள். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் டூல்ஸ், இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் 'ஷோ பிக்சர்ஸ்' குறியை எடுத்துவிட்டால் படமில்லாமல் எழுத்து மட்டும் வரும். வேண்டிய படத்தை மட்டும் வலச் சொடுக்கில் வரவழைக்கலாம்.

தமிழில் நீண்ட கடிதம் எழுதுவோர் முரசு அஞ்சல் தட்டச்சு மென்பொருள் கொண்டு நோட்பேடிலேயே எழுதி முடித்துவிட்டுப் பிறகு ஒட்டுங்கள். நேரடியாக மெயில் பக்கத்தில் எழுதினால், அனுப்பும்போது தொடர்பு அறுந்து அத்தனையும் போய்விடுகிறது. சேமிக்கும்போது கீழே 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். ஆன்சியில் விட்டால் யுனிகோடு தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும்.

சான்றிதழ் அனுப்புவோருக்கு: ஏ4 தாளை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வண்ணத்தில், சுருக்காத பிஎம்பி கோப்பாக ஸ்கேன் எடுத்தால் 25 மெகாபைட். 150 டிபிஐ, கறுப்பு வெள்ளை, ஜேபெக் என்றால் சில நூறு கிலோபைட்டில் முடியும். முத்திரையும் கையெழுத்தும் தெளிவாகவே தெரியும். இணைப்பாகப் போகும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும், 3 மெகாபைட் 4 ஆகும். நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராது. எங்களிடம் கொடுங்கள், சுருக்கித் தருகிறோம். அதற்குக் காசில்லை.

எங்கள் பக்கம்: ஒரு பழைய கணினியில் ஸ்க்விட் என்ற மென்பொருளைப் போட்டு, ஒருவர் திறந்த பக்கத்தின் படங்களை அடுத்தவருக்கு இங்கிருந்தே கொடுக்கிறோம். பூட்டுக் குறி போட்ட பக்கங்களை மட்டும் அப்படிச் சேமிக்க முடியாது. வைரஸ் தடுப்பு, விண்டோஸ் புதுப்பிப்பு எல்லாம் கடை மூடியபின் ஒரே கணினியில் இறக்கிப் பகிர்கிறோம். பிட்டோரண்ட் கோப்புப் பகிர்வு மூடப்பட்டுள்ளது. யூடியூப் இரவு 10 மணிக்கு மேல்தான். தம்பிகள் மன்னிக்க வேண்டும். நெரிசல் குறைவாக இருக்கும் விடிகாலையில் வேலை முடிக்க வசதியாக, தைப்பூசத்திலிருந்து காலை 6 மணிக்கே திறக்கிறோம், மணிக்கு 2 வெள்ளி 50 காசு, விடுமுறை நாளிலும் உண்டு.

இத்தனை சிரமத்திலும் வேறு கடை தேடாமல், வரிசையில் நின்று, பக்கத்து இருக்கைக்காரரின் விண்ணப்பம் போய்ச் சேரட்டும் என்று தன் இறக்கத்தை நிறுத்தி வைத்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
உங்கள் இணைய மையத்தார்

பி.கு.: அச்செடுக்கும் விலை மாறவில்லை. கறுப்பு வெள்ளை அதே 20 காசுதான்.