பிரேக் ஃபெயிலியர்னு மட்டும் எழுதாதீங்க, ஆக்ஸில் என்னாச்சுன்னும் கேளுங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் ஏற்காட்டுல 23 வருசமா ஜீப் ஓட்டுறேன், முதல்ல எஸ்டேட் வண்டி, இப்ப சொந்த வண்டி. உங்க பேப்பரை தெனமும் டீக்கடையில படிச்சிருவேன். மலையில எங்க ஜீப் உருண்டாலும் மறுநாள் எல்லா பேப்பர்லயும் ஒரே வரி தான் வருது, "பிரேக் பிடிக்காமல் கட்டுப்பாட்டை இழந்து". அதைப் படிக்கிறப்ப எல்லாம் எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, அதான் எழுதுறேன். நிறைய தடவை பிரேக்குக்கு முன்னாடியே ஒடிஞ்சது வேற ஒண்ணா இருக்கும் சார், பின்னாடி ஆக்ஸில் ராடு (சக்கரத்தைச் சுத்த வெக்கிற இரும்புத் தண்டு, பக்கத்துக்கு ஒண்ணு), இல்லன்னா கிரவுன் பினியன் (அந்த ராடுகளுக்கு நடுவுல இருந்து சுத்தி விடுற பல்சக்கர ஜோடி). அதை யாரும் கேக்கறதும் இல்ல, எழுதறதும் இல்ல.

எனக்கே நடந்தது சொல்றேன். 11 வருசம் இருக்கும், டிசம்பர் மாசம், காபி பறிப்பு நல்லா ஓடிக்கிட்டு இருந்த நேரம். மாரமங்கலம் பக்கம் ஒரு மண்ணு ரோட்டுல மேல ஏறிக்கிட்டு இருந்தேன், முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. பின்னாடி பறிப்புக்கு வந்த பொம்பளைங்க 14 பேரு, கால்கிட்ட மூணு மூட்டை பழம். எடம் பத்தாம ரெண்டு பேரு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க, அது தப்புன்னு இன்னைக்குத் தெரியுது, அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் ஏத்துனோம். இடது பின்சக்கரம் சேத்துப் பள்ளத்துல இறங்கி நின்ன எடத்துலயே சுத்துச்சு, நான் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்துனேன், சக்கரம் சர்ருன்னு சுத்தி திடீர்னு அடியில ஒரு கல்லைப் பிடிச்சுச்சு. காஞ்ச கிளை முறியிற மாதிரி டக்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் உறுமுது, வண்டி நகரல, அப்புறம் மெல்ல பின்னாடி போக ஆரம்பிச்சுது.

கியர்ல தான் இருக்கு, பிடிக்கல. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், அதுவும் பிடிக்கல. கால் பிரேக்கை மிதிச்சா ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வண்டி பின்பக்கமா மேட்டுப் பக்கம் திரும்பிருச்சு, ஒரு சில்வர் ஓக் மரத்துல போய் சாஞ்சு நின்னுச்சு. அந்தப் பக்கம் திரும்புனதால இன்னைக்கு நான் இதை எழுதுறேன், எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தா 60, 70 அடி பள்ளம். பயந்து குதிச்சதுல ஒரு ஆயாவுக்கு மணிக்கட்டு ஒடிஞ்சு போச்சு, அவங்க கை அதுக்கப்புறம் சரியா மடங்கவே இல்ல, பறிப்புக்கும் போக முடியல. சந்தையில பாத்தா இன்னைக்கும் என்னை நல்லா இருக்கியா சாமின்னு கேப்பாங்க, எனக்கு நிமிந்து அவங்க முகத்தைப் பாக்க முடியாது.

ஏன்னா அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்த இடது சக்கரத்து உள்பக்கம் எண்ணெய் கசிஞ்சு டயர்ல கறுப்பா வழிஞ்சிருந்ததை நான் பாத்தேன் சார். பறிப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

இப்ப ஏன் ஹேண்ட் பிரேக் பிடிக்கலன்னு சொல்றேன், இது தெரியாத டிரைவருங்க எங்க மலையிலயே இருக்காங்க. பழைய ஜீப்புகள்ல நிறையத்துக்கு ஹேண்ட் பிரேக் டிரம் சக்கரத்துல கிடையாது, கியர் பாக்ஸ் பின்னாடி புரொப்பல்லர் ஷாஃப்ட் (பின் ஆக்ஸிலுக்கு இன்ஜின் சுத்தைக் கொண்டுபோற நீளத் தண்டு) கிளம்புற எடத்துல இருக்கும். அது ஷாஃப்டைத் தான் பிடிச்சு நிறுத்தும், ஷாஃப்ட் கிரவுனை நிறுத்தும், கிரவுன் ஆக்ஸில் ராடு வழியா சக்கரத்தை நிறுத்தணும். ஒரு பக்கம் ராடு ஒடிஞ்சு போச்சுன்னா கிரவுன் உள்ள ரெண்டு பக்கத்துக்கும் சுத்தைப் பிரிச்சுக் குடுக்கற சின்னப் பல்சக்கரம், ஸ்டார் பினியன், பூரா அந்த ஒடிஞ்ச பக்கமே சும்மா சுத்திரும், நல்லா இருக்கற சக்கரத்துக்கும் பிடி போயிரும். கியர் பிடிக்காததும் இதனால தான். ஆக ஒரே ஒரு ராடு ஒடிஞ்சா இன்ஜின் பிடி, ஹேண்ட் பிரேக் ரெண்டும் ஒரே நேரத்துல போச்சு, மிச்சம் கால் பிரேக் ஒண்ணுதான். அதுலயும் ஆயில் சீல் போய் கியர் ஆயில் பிரேக் லைனிங்ல ஊறிப்போயிருந்தா (எனக்கு ஊறியிருந்துச்சு) அந்தப் பக்கம் அதுவும் பிடிக்காது. வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது பிரேக் ஃபெயிலியர் மாதிரியே தான் தெரியும்.

ஃபோர் வீல் போட்டிருந்தா முன்பக்க ஆக்ஸில் பிடிச்சிருக்கும். ஆனா எனக்கு முன்னாடி வண்டி வெச்சிருந்தவரு டீசல் மிச்சம்னு முன் ஷாஃப்டைக் கழட்டிட்டாரு. மலையில பாதி பழைய ஜீப் இப்படித்தான் ஓடுது, பேருக்கு ஃபோர் வீல்.

அப்புறம் வண்டியை சேலத்துக்கு கட்டி இழுத்துட்டுப் போய் பட்டறையில பிரிச்சோம். மெக்கானிக் அண்ணன் ஒடிஞ்ச ராடை எடுத்து மண்ணெண்ணெய்ல கழுவி என் கையில குடுத்து, "முகத்தைப் பாரு தம்பி"ன்னாரு. ஒடிஞ்ச வாய் முக்காவாசி கறுத்துப் போய் வழவழன்னு, மரத்தை அறுத்தா தெரியிற வளையம் மாதிரி கோடு கோடா இருந்துச்சு. மிச்சம் கால்வாசி மட்டும் புதுசா, சீனி உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. "இது நேத்து ஒடிஞ்சது இல்ல, மாசக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா ஒடிஞ்சுக்கிட்டே வந்திருக்கு, நேத்து முடிஞ்சிருக்கு"ன்னாரு. அந்த மாதிரி விரிசல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப வெளிய ஒண்ணுமே தெரியாது, கழட்டிப் பாத்தா தான் உண்டு.

இன்னொண்ணும் காட்டுனாரு, எதிர்ப்பக்கத்து ராடு. அது ஒடியல, ஆனா நுனியில இருக்கற பல்லு வரிசை நேரா இல்லாம முறுக்குப் பிழிஞ்ச மாதிரி சாஞ்சிருந்துச்சு. அவ்வளவு பாரம் அது மேல விழுந்திருக்கு. பழைய மூணு கியர் வில்லிஸ் ஜீப் கணக்கை எடுத்துக்குங்க, ஃபர்ஸ்ட் கியர் முறுக்கை 2.8 மடங்காக்கும், லோ (அதோட சேத்துப் போடற கூடுதல் மெதுவு கியர்) 2.46 மடங்கு, கிரவுன் 43 பல்லு பினியன் 8 பல்லு அதாவது 5.38 மடங்கு, எல்லாத்தையும் பெருக்குனா இன்ஜின் முறுக்கு கிட்டத்தட்ட 37 மடங்கா ஆக்ஸிலுக்கு வருது. அது போதாதுன்னு ஒரு சக்கரம் அசையாம நின்னு சேத்துல இருக்கற சக்கரம் மட்டும் சுத்துறப்ப, சுத்துற சக்கரம் கிரவுனை விட ரெண்டு மடங்கு வேகத்துல போகும், அந்த வேகத்துல திடீர்னு கல்லையோ வேரையோ பிடிச்சா சம்மட்டியால அடிச்ச மாதிரி தான். அதனால சக்கரம் சுத்த ஆரம்பிச்சா காலை எடுத்துருங்க, ஆளை இறக்கிட்டு கல்லு, மட்டை எதையாவது கீழ போட்டு மெதுவா எடுங்க. எந்தச் சின்னப் பையன் என்கிட்ட வண்டி கத்துக்க வந்தாலும் இதைத்தான் முதல்ல சொல்றேன்.

லீவு நாள்ல பெரிய பெரிய டயர் மாட்டிக்கிட்டு காட்டு ரோடு தேடி வர்ற தம்பிங்களுக்கும் சொல்லணும். டயர் எவ்வளவு பெருசோ அவ்வளவு பாரம் ஆக்ஸிலுக்கு ஏறும். காஞ்ச தார் ரோட்டுல ஃபோர் வீலை ஆஃப் பண்ணாம 20 கொண்டை ஊசி வளைவுலயும் ஏறி வர்றாங்க, வளைவுல முன்சக்கரம் போற தூரம் வேற, பின்சக்கரம் போற தூரம் வேற, நடுவுல டிஃப்ரன்ஷியல் (அந்த வித்தியாசத்தைச் சமாளிக்கற பல்சக்கரக் கூட்டு) இல்லாத வண்டியில அது பூரா முறுக்கா ஏறி ஷாஃப்ட் ஜாயிண்ட் கிராஸையோ பினியன் பல்லையோ தின்னுரும். ஓடையில இறங்குறதும் அப்படித்தான், சூடா இருக்கற ஹவுசிங் (ஆக்ஸிலை மூடியிருக்கற இரும்புக் கூடு) தண்ணியில பட்டதும் உள்ள காத்து சுருங்கி சீல் வழியா தண்ணிய இழுத்துக்கும். அடைப்பைக் கழட்டிப் பாத்தா ஆயில் பால் ஊத்துன காபி நிறத்துல வரும். அந்த ஆயில்லயே ஓட்டுனா பேரிங் போயி, கிரவுன் ஊளையிட ஆரம்பிச்சிரும்.

வெல்டிங் பத்தி சொல்லாம விட முடியாது. ஒடிஞ்ச ராடை வெல்டு வெச்சு மாட்டி ஓட்டுறாங்க சார், நான் கண்ணால பாத்திருக்கேன், ஆளுங்களை ஏத்திக்கிட்டு ஓட்டுறாங்க. அந்த இரும்பு பதம் போட்ட இரும்பு, வெல்டு சூட்டுல பதம் போயிரும், அந்த ஒட்டுக்குப் பக்கத்துலயே திரும்ப ஒடியும். கிரவுனும் பினியனும் ஜோடியா அரைச்சு வர்ற சாமான், பழைய இரும்புக் கடையில ஒரு வண்டி கிரவுன், இன்னொரு வண்டி பினியன்னு வாங்கி மாட்டுனா எத்தனை ஷிம் (இடைவெளி சரிபண்ற மெல்லிய தகடு) வெச்சாலும் பல்லு உக்காராது. புது ராடு வாங்க காசில்லன்னா வண்டிய நிறுத்துங்க, ஆளை ஏத்தாதீங்க. கடன் வாங்கி வண்டி ஓட்டுற எனக்கு இதைச் சொல்ல கஷ்டமா தான் இருக்கு, ஆனாலும் சொல்றேன்.

அதிகாரிங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாடகை வண்டிக்கு 8 வருசம் தாண்டுனா வருசா வருசம் எஃப்சி, அதாவது வண்டித் தகுதிச் சோதனை, இருக்கு. ஆனா மலையில ஆளுங்களை ஏத்துறது பெரும்பாலும் வெள்ளை போர்டு எஸ்டேட் ஜீப் தான் (வாடகை வண்டி கிடையாது, சொந்த உபயோக வண்டி), அதுக்கு 15 வருசத்துக்கு அப்புறம் 5 வருசத்துக்கு ஒருக்கா தான் பாக்கறது. 5 வருசத்துல எத்தனை பறிப்பு, எத்தனை மழை. வருசா வருசம் பறிப்புக்கு முன்னாடி, அக்டோபர் மாசம் போல, ஏற்காட்டுலயே ரெண்டு நாள் முகாம் போட்டு பின் ஆக்ஸில் ராடை உருவிப் பாத்து, ஆயில் சீல் மாத்தி, ஹவுசிங் ஆயிலை இறக்கிப் பாத்தா போதும். ஒரு வண்டிக்கு அரை நாள் வேலை தான். அந்தச் செலவை எஸ்டேட்காரங்க ஏத்துக்கணும், வண்டியில போறது அவங்க காபியப் பறிக்கற சனங்க தானே. அதுவரைக்கும் ஒவ்வொரு வண்டியிலயும் சக்கரத்துக்கு அண்டை குடுக்க ரெண்டு நல்ல கட்டை இருக்கட்டும், பின்னாடி உக்கார்றவங்கள்ல ஒருத்தருக்கு அதை எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடுத்து வெச்சிருங்க.

உங்க நிருபர்கள் கிட்டயும் ஒண்ணு கேட்டுக்கறேன், அடுத்த தடவை வண்டி உருண்ட எடத்துக்குப் போனா டிரைவர் குடிச்சிருந்தாரா, பிரேக் பிடிச்சுச்சான்னு கேக்கறதோட நிக்காம, பின்சக்கரத்தைக் கையால சுத்திப் பாருங்க, ஆக்ஸில் ராடு ஒண்ணா இருக்கா ரெண்டா இருக்கான்னு மெக்கானிக்கிட்ட கேட்டு எழுதுங்க.

அந்த ஒடிஞ்ச ராடு எங்க வீட்டுத் திண்ணையில தான் இருக்கு, எந்த டிரைவர் வந்தாலும் காட்டுவேன். பறிப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தைப் போட்டீங்கன்னா உதவியா இருக்கும் ஐயா.

இப்படிக்கு,
ஒரு ஜீப் டிரைவர்,
ஏற்காடு.